குறுக்கே ஓடும் வேலை

காலை நடையில் கூட வருகிற நண்பர், ரிட்டயர்டு தலைமை ஆசிரியர், போன வாரம் கேட்டார்: "முப்பது வருசம் கம்ப்யூட்டர்ல அப்படி என்னதான் சார் பண்ணுனீங்க?" சிரித்து மழுப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு மனசு கேட்கவில்லை. நான் செய்த வேலையில் ஒரே ஒரு சங்கதியை மட்டுமாவது நம்ம ஊர் பாஷையில் எழுதிப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். அதை எழுதப்போனால், இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றையும் சேர்த்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

போடிமெட்டுக்குப் போகிற வண்டி எதுவானாலும் முந்தலில் செக்போஸ்ட்டைத் தாண்டித்தான் மலை ஏறும். ஜீப்பில் தோட்ட வேலைக்கு ஆள் போகலாம், லாரியில் உரம் போகலாம், மாப்பிள்ளை வீட்டார் வேனும் போகலாம். சோதனை என்பது அந்த வண்டிகள் எதனுடைய வேலையும் இல்லை. டிரைவர் தன் பாட்டுக்கு ஓட்டுகிறார், சோதனை தன் பாட்டுக்கு நடக்கிறது. ஒவ்வொரு லாரியிலும் ஒரு காவலரை ஏற்றி அனுப்பினால் எப்படி இருக்கும்?

நாங்கள் எழுதிய புரோகிராம்கள் அப்படித்தான் இருந்தன. பிரீமியம் வாங்குவது, பாலிசி மாற்றுவது, கடன் கொடுப்பது என்று ஒவ்வொரு வேலைக்கும் ஒரு துண்டு புரோகிராம். ஒவ்வொன்றுக்குள்ளும் அதே நாலு சமாச்சாரம் திரும்பத் திரும்ப வரும். யார் செய்தார் என்று பதிவு செய், அவருக்கு அனுமதி உண்டா பார், கணக்கைத் திற, எல்லாம் சரியாக முடிந்தால் மூடு, நடுவில் கெட்டால் பழையபடி ஆக்கு. பத்து வரி வேலைக்கு முப்பது வரி காவல்.

அமெரிக்காவில் ஜெராக்ஸ் கம்பெனிக்கு பார்க் என்று ஓர் ஆராய்ச்சிக்கூடம் இருந்தது. லேசர் பிரிண்டர் பிறந்த இடம். அங்கே கிரகோர் கிசாலஸ் என்பவரும் அவரோடு ஆறு பேரும் 1997-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். அந்த ஆறில் ஒருவர் பெயர் அனுராக் மெந்தேகர். அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு தனி சந்தோஷம். இப்படி எல்லாவற்றுக்கும் குறுக்கே ஓடுகிற வேலைகளைப் பிடுங்கித் தனியாக ஓரிடத்தில் எழுதுங்கள், எங்கெங்கே அது நுழைய வேண்டும் என்று ஒரு விதி கொடுங்கள், மீதியை இயந்திரம் பின்னிக்கொள்ளும் என்றார்கள். ஆஸ்பெக்ட் ஓரியண்டட் புரோகிராமிங் என்று பெயர் வைத்தார்கள். படங்களைக் கையாளும் ஒரு புரோகிராம், வேகத்துக்காகச் சிக்கலாக எழுதியபோது 35,213 வரி. இவர்கள் முறையில் 1,039 வரி. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அவர்கள் செய்த ஆஸ்பெக்ட்ஜே என்ற கருவி 2002-ல் எக்லிப்ஸ் என்ற பொது அமைப்பின் கைக்குப் போனது. பிறகு ஸ்பிரிங் வந்தது. ஜாவா வேலை பார்த்தவர்கள் அநேகமாக எல்லோரும் ஏதோ ஒரு வகையில் இதைத் தொட்டிருப்பார்கள், பெயர் தெரியாமலேயே.

இந்த முறையின் அழகே, வேலை செய்கிற புரோகிராமுக்குக் காவல் இருப்பது தெரியாது என்பதுதான். ஃபில்மன், ஃப்ரீட்மன் என்ற இருவர் 2000-லேயே இதை அதன் முக்கிய இலக்கணமாகச் சொன்னார்கள். நானும் அதை எத்தனையோ பையன்களுக்குப் பெருமையாகப் பாடம் எடுத்திருக்கிறேன்.

இங்கே அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் கணக்குப்பிள்ளை. பச்சைக்காய் எடுக்கிற இடத்திலும், உலர்த்துகிற ஸ்டோரிலும், பொறுக்குகிற இடத்திலும் ஆளாளுக்கு ஒரு மாதிரி எழுதிக் குழப்பியதால், "யாரும் எழுத வேணாம், வாசல் தாண்டுற மூட்டையை நான் எழுதிக்கிறேன்" என்று ஏற்பாடு செய்தவர் அவர்தான். வருசக்கணக்கில் நன்றாக நடந்தது. 1974 மழையில் வாசல் பக்கத்துப் பாதை அறுந்துபோனது. கங்காணி இரண்டு மூட்டையைப் பின்பக்க நடைபாதை வழியாக இறக்கிவிட்டார். கணக்கில் வரவில்லை. கங்காணி திருடிவிட்டார் என்று பேச்சு. அப்பா முதலாளி முன்னால் போய், "வாசல்லதான் எழுத்துன்னு வச்சது நானு. வேற வழியாப் போனா என்ன செய்யணும்னு அவருக்கு நான் சொல்லல" என்றார். அவர் சம்பளத்தில் பிடித்தார்கள். அந்த வருசம் தீபாவளிக்கு எங்கள் வீட்டில் புதுத்துணி இல்லை. அம்மா அதைப் பல வருசம் சொல்லிக் காட்டுவாள்.

இப்போது என் கதை. 2007, சென்னை. நான் ஒரு இன்சூரன்ஸ் வேலைக்கு டீம் தலைவர். கணக்குத் திறந்து மூடுகிற காவலை நானே எழுதினேன். விதி இதுதான்: 'அப்டேட்', 'சேவ்' என்று பெயர் ஆரம்பிக்கிற துண்டு எதுவானாலும் காவல் நுழையும். ஓர் எக்ஸ்எம்எல் ஃபைலில் நாலே வரி. எங்கும் எழுதிவைக்கவில்லை, யாருக்கும் சொல்லவில்லை. தெரியாமல் இருப்பதுதானே அழகு!

உத்தமபாளையம் பக்கத்துப் பையன் ஒருவர் சேர்ந்து எட்டு மாதம். நல்ல உழைப்பாளி. 'அப்டேட்' என்று பல துண்டுகள் இருப்பது குழப்பமாக இருக்கிறது என்று, ஒன்றின் பெயரை 'அட்ஜஸ்ட்' என்று மாற்றினார். நியாயமான மாற்றம்தான். கம்பைல் ஆனது, டெஸ்ட் எல்லாம் பாஸ். ஆனால் காவல் மட்டும் சத்தமில்லாமல் விலகிவிட்டது. பத்து நாள் கழித்து இரவு வேலை நடுவில் ஒரு தடங்கல். பழையபடி ஆக்க ஆளில்லை. 41 பாலிசிகளில் பணம் வரவு, ரசீது இல்லை.

இந்த மாதிரிக் கோளாறுக்கு ஆராய்ச்சியாளர்கள் அதற்கு முன்பே ஒரு பெயர் வைத்து எழுதியிருந்தார்கள், பெயர் மாறினால் ஒடிகிற விதி என்று. ஜெர்மனியில் ஃப்ரீட்ரிக் ஸ்டைமன் 2006-ல் இந்த முறையையே கேள்வி கேட்டு நீளமாக எழுதினார். ஒருவர் பகுதியை மற்றவர் அறியாமல் மாற்றலாம் என்பதுதான் நல்ல புரோகிராமின் லட்சணம், இது அதையே கெடுக்கிறது என்பது அவர் வாதம். அதை நான் படித்திருந்தேன். படித்துவிட்டு, "பேராசிரியர்களுக்கு வேறு வேலை இல்லை" என்று சொல்லியிருக்கிறேன்.

மறுநாள் மீட்டிங். மேலே இருந்தவர் கேட்டார், "யார் மாத்துனது?" பையன் எழுந்து நின்றார். "டெஸ்ட் பண்ணாம எப்படி?" என்று அரை மணி நேரம் விழுந்தது. என் நாலு வரியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. எனக்கு அப்போது பிரமோஷன் பேச்சு நடந்துகொண்டிருந்தது. பெண்ணுக்குக் காலேஜ் ஃபீஸ். காரணத்துக்கா பஞ்சம்? அந்த வருசம் அவருக்கு மதிப்பெண் குறைந்தது, நாலு மாதத்தில் வேலையை விட்டுப் போனார். நான் இரவோடு இரவாக விதியைத் திருத்தி வைத்தேன்.

இந்தக் கோடை விடுமுறையில் ஒரு போன். அவரேதான். பெங்களூரில் பெரிய பொறுப்பில் இருக்கிறார். குடும்பத்தோடு மூணாறு போகிற வழியில் என்னைப் பார்க்க வரலாமா என்று கேட்டார். வந்தார். காபி குடித்தோம். அவர் மனைவியும் குழந்தைகளும் என் மனைவியோடு மாடியில் மலை பார்க்கப் போன நேரத்தில், வாயைத் திறந்துவிட்டேன்.

"தம்பி, அந்த 41 பாலிசி... தப்பு என்னோடது. அந்த விதி நான் எழுதுனது."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "தெரியும் சார். அன்னைக்கு ராத்திரியே அந்த ஃபைலைத் தேடிப் பிடிச்சுட்டேன். உங்க பேர்லதான் இருந்துச்சு."

"அப்ப மீட்டிங்ல ஏன்ப்பா சொல்லல?"

"நீங்க சொல்வீங்கன்னு இருந்தேன் சார்."

மாடியிலிருந்து பிள்ளைகள் இறங்கி வந்துவிட்டார்கள். மூணாறில் ஹோட்டலுக்கு நேரமாகிறது என்றார்கள். மேலே மேகம் கட்டியிருந்தது. முந்தல் தாண்டினால் பனி இருக்கும், கொண்டை ஊசி வளைவுகளில் விளக்கைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் போங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.