பண் கேட்ட வகுப்பறை

மூன்றாம் பாடவேளைக்கு மணி அடித்ததும் தரம் எட்டு இரண்டாகப் பிரிந்தது. கத்தோலிக்கப் பிள்ளைகள் ஏழு பேர் புத்தகத்தோடு எதிர் அறைக்குப் போனார்கள். மற்றவர்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். இலங்கையில் சமயம் கட்டாயப் பாடம். அவரவர் சமயத்தை அவரவர் படிக்க வேண்டும்; சாதாரண தரப் பரீட்சையில் கணிதம், விஞ்ஞானம் போல அதற்கும் வினாத்தாள் உண்டு. யாழ்ப்பாணத்தில், வண்ணார்பண்ணைக்கு அதிக தூரமில்லாத ஒரு பாடசாலையின் சைவநெறி வகுப்பில் கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்தேன்.

ரீச்சர் இரும்பு அலுமாரியைத் திறந்து பன்னிரண்டு 'டெப்' கணினிகளை எடுத்துக் கொடுத்தார். வெளிநாட்டிலிருக்கும் பழைய மாணவர்கள் வாங்கித் தந்தவை. இணைய இணைப்பை நம்ப முடியாதென்று ஒலிப்பதிவுகளை முதல் நாளே அவற்றில் ஏற்றி வைத்திருந்தார்.

அன்றைய பாடம் சம்பந்தரின் திருக்கோணமலைப் பதிகம். பன்னிரண்டு டெப்பிலும் ஒரே நேரத்தில் அழுத்தினார்கள். ஒன்றுக்கொன்று அரை நொடி முந்திப் பிந்தி ஓதுவார் குரல் பன்னிரண்டாகச் சிதற, வகுப்பு சந்தைபோல ஆனது. "எல்லாரும் நிப்பாட்டுங்கோ" என்றார் ரீச்சர். ஒன்றை மட்டும் ஒலிபெருக்கியில் இணைத்தார். முதலடி வந்தது. நிறுத்தினார். பிள்ளைகள் பாடினார்கள். திரும்ப அதே அடி. மூன்றாம் தடவை முன்வரிசைச் சிறுமியின் கை, இழுக்கும் இடத்தில் தானாக மேலெழுந்து இறங்கியது.

அந்தப் பதிகத்தின் பண் புறநீர்மை. இன்று பூபாள ராகத்தில் பாடுகிறார்கள். நான் படித்த காலத்தில் பண்ணின் பெயரைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்தோம். பாடியதோ எல்லாப் பதிகத்தையும் ஒரே பிரார்த்தனை மெட்டில். புத்தகத்தால் அவ்வளவுதான் தர முடியும். கசெற் இருந்தது உண்மைதான், ஆனால் ஓர் அடியைத் தேடிப் பிடிப்பதற்குள் பாடவேளை முடிந்துவிடும். எழுத்து கொண்டுவராமல் விட்ட இசையை இந்த டெப் வகுப்புக்குள் கொண்டுவருகிறது. இதற்காக மட்டுமே வாங்கினாலும் தகும் என்பேன்.

ஆறுமுக நாவலர் இருந்திருந்தால் தயங்கியிருக்க மாட்டார். 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியவர், மறு வருடமே சென்னைக்குப் போய் அச்சியந்திரம் வாங்கினார். பிள்ளைகள் கையில் பாலபாடமும் சைவ வினாவிடையும் அச்சுப் புத்தகமாக வந்தது அந்தத் துணிச்சலால்தான்.

அந்த வினாவிடையை நினைத்தபடியேதான் அடுத்த கால்மணி நேரத்தைப் பார்த்தேன். திரையில் கேள்வி, கீழே நான்கு விடை; சரியென்றால் பச்சை. என் பக்கத்துப் பையன் கேள்வியைப் படிக்கவே இல்லை. பச்சை வரும்வரை ஒவ்வொன்றாகத் தொட்டான். நாவலரின் வினாவிடையில் விடையை முழு வாக்கியமாகச் சொல்ல வேண்டும். சொல்லும்போது பொருள் நாவில் நிற்கும். இந்த விளையாட்டை வகுப்பிலிருந்து எடுத்துவிடலாம் என்று ரீச்சரிடம் பிறகு சொன்னேன். "எனக்கும் அதுதான் எண்ணம்" என்றார்.

கேள்வி வேறிடத்திலிருந்து வந்தது. திரையில் வரைபடத்தை விரித்துத் திருகோணமலையைத் தேடிக்கொண்டிருந்த சிறுமி கேட்டாள்: "ரீச்சர், சம்பந்தர் இஞ்ச வந்தவரோ?"

"இல்லையம்மா. இராமேச்சரத்திலை நிண்டு பாடினவரெண்டு பெரியபுராணம் சொல்லுது."

அவள் இரண்டு விரலால் வரைபடத்தைச் சுருக்கினாள். இராமேச்சரமும் கோணேசர் மலையும் ஒரே திரைக்குள் வந்தன. "இவ்வளவு தூரம்! காணாமலே பாடினவரோ?" மூன்று தலைகள் அந்தத் திரைமேல் குனிந்தன. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கையில் டெப் எல்லாம் அலுமாரிக்குள் போய்விட்டன. "இப்ப அது இல்லாமல்" என்றார் ரீச்சர். எழுந்து நின்று பாடினார்கள். இரண்டடி சரியாகப் போனது. மூன்றாவதில் பழைய பிரார்த்தனை மெட்டு தலைகாட்டியது. ரீச்சர் கையைக் காட்டி நிறுத்தி, அந்த ஓரடியைத் தன் குரலில் பாடிக் காட்டினார். எதிர் அறையிலிருந்து திரும்பி வந்த பிள்ளைகள், பாட்டு முடியட்டும் என்று வாசலில் நின்றார்கள்.