அஞ்சு பேர் வந்த கல்யாணம்!

கையில ஒரு கேமரா இருந்தா உங்க செட்ல உங்களுக்கு என்ன பேர்? 'ஓசி போட்டோகிராஃபர்'! கல்ச்சுரல்ஸா, கூப்பிடு அவனை. ஃபேர்வெல்லா, கூப்பிடு அவனை. எனக்கும் அதே பொழப்புதான் பாஸ். ஆனா, ராத்திரி பதினோரு மணிக்கு கிளாஸ்மேட் ஒருத்தி போன் பண்ணி, "நாளன்னிக்கு எனக்கு கல்யாணம்டா. தரங்கம்பாடி பீச்ல. யார்கிட்டயும் மூச்சு விடாதே. கேமராவோட வந்துடு"ன்னா என்ன பண்ணுவீங்க? நான் பேட்டரியை சார்ஜ் போட்டேன்.

காரணம்? நீங்க நினைச்சதேதான். சாதி. அவளுக்கு 22 வயசு, அவருக்கு 24. ரெண்டு வருஷம் வீட்டுல கெஞ்சிப் பார்த்துட்டுத்தான் இந்த முடிவு.

ஐயர் இல்லை, மண்டபம் இல்லை... இது செல்லுமான்னு எனக்கு ஒரே உதறல். செல்லுமாம். அண்ணா முதல்வரா இருந்தப்ப, 1967-ல் கொண்டுவந்த திருத்தம்தான் இந்து திருமணச் சட்டத்தோட 7-ஏ பிரிவு. நண்பர்கள் முன்னாடி, ரெண்டு பேருக்கும் புரியற பாஷையில 'ஏத்துக்கறேன்'னு சொல்லி, மாலை மாத்தினாலே கல்யாணம்தான். மோதிரம் போட்டாலும் சரி, தாலி கட்டினாலும் சரி. இதுக்கு ஊரைக் கூட்டி அறிவிக்க வேண்டியதில்லைன்னு 2023-ல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு. ஆனா, நாளைக்கு யாராவது 'கல்யாணமே நடக்கலை'ன்னு கிளம்பினா? அப்ப எடுத்துக் காட்ட என் போட்டோவும் வேணும். இதை யோசிச்சதும் கை இன்னும் நடுங்குச்சு.

விடிகாலை, லாட்ஜ் ரூம். அவ கட்டில் ஓரத்துல உக்காந்து, வாயில ஹேர்பின்னைக் கடிச்சுக்கிட்டு, தானே பூ வெச்சுக்கிட்டிருந்தா. தலை வாரிவிட வீட்டு ஆளுங்க யாரும் இல்லை. கேமரா வேலை செய்யுதான்னு பார்க்க ட்யூப் லைட் வெளிச்சத்துல சும்மா ஒரு கிளிக். அப்புறம் நடந்தே கடற்கரைக்குப் போனோம். பொண்ணு, மாப்பிள்ளை, ரெண்டு ஃப்ரெண்ட்ஸ், நான். மொத்தமே அஞ்சு பேர்! இந்தப் பக்கம் 1620-ல் டேனிஷ்காரங்க கட்டின கோட்டை, அந்தப் பக்கம் கடல் அரிச்சது போக மிச்சம் நிக்கிற மாசிலாமணி நாதர் கோயில். கல்யாண ஆல்பத்துக்கு இதைவிட பேக்ரவுண்டு கிடைக்குமா சொல்லுங்க!

அங்கதான் சொதப்பினேன். ஏ.சி. ரூம்ல இருந்த கேமராவை பையில போடாம அப்படியே கையில தூக்கிட்டு வந்துட்டேன். கடல் காத்து பட்டதும் லென்ஸ் முழுக்க பனி. துடைக்கத் துடைக்க மறுபடி மூடுது. அதுக்குள்ள மாலை மாத்திட்டாங்க! எடுத்தது பூரா பால் ஊத்தின மாதிரி வெள்ளை. "இன்னொரு தடவை மாத்திக்கங்களேன்"னு கெஞ்சினேன். "இது சினிமாவாடா? ஒரு தடவைதான்"னுட்டா. (பீச்சுக்குப் போறவங்க கவனிங்க: ஏ.சி.யிலிருந்து கிளம்பினா கேமராவை மூடின பையிலேயே ஒரு கால் மணி நேரம் வெச்சிருந்து, அப்புறம் வெளியே எடுங்க.)

நல்லவேளை, தாலி கட்டுறதுக்குள்ள லென்ஸ் தெளிஞ்சுடுச்சு. நம்ம கிழக்குக் கரையில சூரியன் கடல்ல இருந்து எழும்பும். கடலுக்கு முதுகு காட்டி நிக்கவெச்சா முகம் கருப்பாகிடும். அதனால வெயில் பக்கவாட்டுல விழற மாதிரி நிக்கச் சொன்னேன். அவர் முடிச்சு போடும்போது அவ அழலை. முடிச்சதும் ஊர்ப் பக்கமா திரும்பிப் பார்த்தா. அதையும் எடுத்தேன்.

திரும்பி வரும்போது ஒரே ஒரு கண்டிஷன். "ஸ்டேட்டஸ்ல எதையும் போட்டுடாதே. அம்மாகிட்ட நானேதான் சொல்லணும்." சத்தியமா, அந்த போட்டோக்களை வெச்சுக்கிட்டு சும்மா இருந்ததுதான் அன்னிக்கு எனக்குப் பெரிய கஷ்டம். லைக் பிச்சுக்கிட்டுப் போயிருக்கும்!

மூணு மாசம் கழிச்சு புது நம்பர்ல இருந்து போன். அவளோட அம்மா. திட்டப் போறாங்கன்னு எழுந்து நின்னுட்டேன். ரொம்ப நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "நீதான் எடுத்தியாமே தம்பி... அவ மட்டும் தனியா இருக்கிற மாதிரி ஏதாவது இருக்கா?"ன்னாங்க.

எல்லாத்துலயும் ரெண்டு பேரும் சேர்ந்துதான் இருந்தாங்க. அவரை வெட்டிட்டு அனுப்ப மனசு வரலை. அப்பதான் அந்த லாட்ஜ் ரூம் போட்டோ ஞாபகம் வந்துச்சு. ஹேர்பின், பூ, ட்யூப் லைட். அவகிட்ட கேட்டேன், "அனுப்புடா"ன்னா. அனுப்பிட்டேன்.

நீல டிக் உடனே விழுந்துச்சு. பதில் இன்னும் வரலை.