கூடைப் படகில் ஒரு பாடம்

நீந்தத் தெரியாத மனிதன் தண்ணீர் சூழ்ந்த ஊருக்கு விடுமுறையைக் கழிக்கப் போகலாமா என்று யாராவது நம்மைக் கேட்டிருந்தால், "பேஷாய்ப் போகலாம், ஆனால் கரையோடு நின்றுவிட வேண்டும்" என்றே இத்தனை காலமும் பதில் சொல்லியிருப்போம். சென்ற கோடை விடுமுறையில் வியத்நாம் தேசத்து ஹோய் ஆன் நகரத்துக்குப் போய் வந்த பிறகு அந்த அபிப்பிராயத்தை மாற்றிக் கொள்ள நேர்ந்தது. அதோடு இன்னோர் அபிப்பிராயத்தையும் மாற்றிக் கொண்டோம். அதைச் சொல்வதற்காகவே இந்தக் கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

தூ போன் நதி கடலோடு கலக்கும் இடத்துக்கு அருகில் இருக்கிறது ஹோய் ஆன். 15-ஆம் நூற்றாண்டு முதல் 19-ஆம் நூற்றாண்டு வரையில் அது பெயர் பெற்ற துறைமுகம். சீனரும் ஜப்பானியரும் பட்டும் பீங்கானும் வாங்கவும் விற்கவும் அங்கே கப்பல் கப்பலாய் வந்தார்கள். சிலர் வீடு கட்டிக் குடியேறவும் செய்தார்கள். காலக்கிரமத்தில் நதியின் முகத்துவாரம் மணல் மூடித் தூர்ந்தது. வியாபாரம் வடக்கே டா நாங் துறைமுகத்துக்குப் போய்விட்டது. லக்ஷ்மி ஊரை விட்டுப் போனதிலும் ஒரு நன்மை விளைந்தது. பழைய வீடுகளை இடித்துப் புதிதாய்க் கட்ட யாரிடமும் பணம் இல்லாமற் போகவே, மர வீடுகளும் ஓட்டுக் கூரைகளும் அப்படியே தப்பிப் பிழைத்தன. 1999-ஆம் வருஷத்தில் யுனெஸ்கோ ஸ்தாபனம் இந்நகரத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக அங்கீகரித்தது. 2025 ஜூலையில் குவாங் நாம் மாகாணம் டா நாங்கோடு இணைக்கப்பட்டதால், தன் வியாபாரத்தைப் பறித்துக் கொண்ட நகரத்தின் எல்லைக்குள்ளேயே ஹோய் ஆன் இப்போது அடங்கிவிட்டது. சரித்திரம் சில சமயம் இப்படியும் வேடிக்கை செய்கிறது.

அங்கே வருகிற பிரயாணிகளுக்குப் பொழுது போக்குவதற்கு ஒரு குறைவும் கிடையாது. அந்தி சாய்ந்ததும் தெருவெங்கும் பட்டுத் துணி போர்த்த விளக்குகள் ஏற்றப்படுகின்றன. சந்திர மாதத்தின் 14-ஆம் இரவில் வரும் திருவிழாவில் மின்சார விளக்குகளை அணைத்துவிட்டு அந்த விளக்கொளியிலேயே ஊர் மிதக்கிறது. காகிதத் தொன்னையில் மெழுகுவர்த்தி ஏற்றி ஆற்றில் விடுகிறார்கள். நம் ஊரில் ஆடிப் பெருக்கன்று விளக்கு விடுவதை நினைத்துக் கொண்டோம். மற்றொரு பக்கம் 'பாய் சோய்' என்ற விளையாட்டு. பாடகர் ஒருவர் சீட்டை எடுத்து, அதன் பெயரைப் பாட்டுக்குள் மறைத்துப் பாடுவார். கையில் அதே சீட்டுள்ளவர் குரல் கொடுக்க வேண்டும். பாஷை தெரியாத நாமும் ஒரு சீட்டு வாங்கிக் கொண்டு உட்கார்ந்தோம். நம் சீட்டை அவர் பாடினாரா இல்லையா என்பது இன்றுவரை நமக்குத் தெரியாது.

மறுநாள் வாடகை சைக்கிளில் டிரா குவே என்ற கீரைத் தோட்டக் கிராமத்துக்குப் போனோம். ஆற்றுப் பாசியை உரமாக இட்டு அங்கே வாசனைக் கீரைகளைப் பயிர் செய்கிறார்கள். காவடி போல் தோளில் ஒரு கம்பு, அதன் இரு முனையிலும் இரண்டு பூவாளிகள். அதைச் சுமந்து பாத்திகளுக்குத் தண்ணீர் விடுவதற்குப் பிரயாணிகள் பணம் கொடுக்கிறார்கள். நாமும் கொடுத்தோம்; தண்ணீரும் விட்டோம். "நம் வீட்டுக் கறிவேப்பிலைச் செடிக்கு ஒரு செம்பு ஜலம் விடச் சொன்னால் முதுகு வலிக்கிறது என்பீர்களே!" என்றாள் நம் இல்லாள். பதில் சொல்லாமல் இரண்டாவது பாத்திக்கு நகர்ந்தோம்.

சாகஸப் பிரியர்களுக்குக் கடலில் சாம் தீவுகள் இருக்கின்றன. விசைப்படகில் சென்றால், முகமூடியும் சுவாசக் குழாயும் மாட்டிக் கொண்டு பவழப் பாறைகளின் மேல் நீந்தி மீன் கூட்டங்களைக் காணலாம். 2009-ஆம் வருஷம் முதல் அத்தீவுகளில் பிளாஸ்டிக் பைகளுக்கு இடமில்லை. துறையிலேயே பையைக் களைந்துவிட்டுப் போக வேண்டும். நம் குமாரி, பள்ளியில் நீச்சல் கற்றவள், மகிழ்ச்சியோடு குதித்தாள். நாம் நமது பழைய கொள்கைப்படி மணலில் உட்கார்ந்து அவளுடைய செருப்புகளைக் காவல் காத்தோம்.

இன்னொரு நாள் சுமார் 40 கிலோமீட்டர் தூரத்திலுள்ள மீ சன் பள்ளத்தாக்குக்குச் சென்றோம். 4-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சம்பா தேசத்து அரசன் பத்திரவர்மன் பத்திரேசுவரர் என்ற பெயரில் சிவலிங்கம் ஸ்தாபித்த க்ஷேத்திரம் அது. 13-ஆம் நூற்றாண்டு வரை அங்கே செங்கல் ஆலயங்கள் எழுந்து கொண்டே இருந்தன. 1969 ஆகஸ்டில் அமெரிக்க விமானங்கள் வீசிய குண்டுகளால் அவற்றில் பல தரைமட்டமாயின. குண்டு விழுந்த பள்ளங்கள் இன்றும் கோபுரங்களுக்கு நடுவே புல் முளைத்துக் கிடக்கின்றன. இந்தியத் தொல்பொருள் இலாகா 2017-ஆம் வருஷம் தொடங்கி அங்கே சீரமைப்பு வேலையை நடத்திற்று. அவ்வேலையின்போது, 2020-இல், 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரே கல்லாலான சிவலிங்கம் ஒன்று மண்ணிலிருந்து வெளிப்பட்டது. ஒரு ஏழை தேசம் தன் சுதந்திரத்துக்கு என்ன விலை கொடுத்தது என்பதற்கு அந்தப் பள்ளங்கள் சாக்ஷி. நம் தேசத்தார் அங்கே செங்கல் அடுக்கவும் மண் அள்ளவும் போனார்கள் என்று அறிந்தபோது நமது மார்பு சற்றே விரிந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

விரிந்த மார்பு மறுநாளே தன் பழைய அளவுக்குத் திரும்பிற்று.

ஊருக்குக் கிழக்கே காம் தான் என்ற கிராமம். அங்கே ஆற்றோரமெங்கும் நீர்த்தென்னைக் காடு. அந்தத் தென்னைக்கு நம் மரம் போல் உயர்ந்த அடிமரம் கிடையாது. ஓலைகள் சேற்றிலிருந்தே நேராகக் கிளம்பி இரண்டாள் உயரம் நிற்கின்றன. யுத்த காலத்தில் விடுதலைப் போராளிகளுக்கு ஒளிவிடமாக இருந்த காடு அது. அதன் கால்வாய்களில் வட்டமான மூங்கில் கூடைகளில் பிரயாணிகளை ஏற்றிச் செல்கிறார்கள். கூடையைக் கண்டதும் நம் குமாரி, "அப்பா, இது நம் ஒகேனக்கல் பரிசல் அல்லவா!" என்று கூவினாள். அதேதான். மூங்கிலைப் பின்னி, சாணமும் மரப்பிசினும் பூசித் தண்ணீர் புகாமல் அடைப்பது அவர்களுடைய பழைய முறை.

பிரெஞ்சுக்காரர் ஆண்ட நாளில் படகுகளுக்கு வரி போட்டார்களாம். ஏழைச் செம்படவர்கள், "இது படகல்லவே, கூடையாயிற்றே!" என்று சொல்லி வரியிலிருந்து தப்பினார்களாம். கூடைப் படகு பிறந்த கதை இதுவென்று அங்கே சொல்கிறார்கள். உப்புக்கு வரி கேட்ட சர்க்காரை எதிர்த்து 1930-இல் வேதாரண்யத்துக்கு நடந்தவர்களின் தேசத்திலிருந்து போன நமக்கு அந்தக் கதை மிகவும் பிடித்துப் போயிற்று.

கூடைக்கு இரண்டு பேர் கணக்கு. இல்லாளும் குமாரியும் ஒன்றில் ஏறினார்கள். நாம் மிதவைச் சட்டையை இரண்டு முறை இழுத்துப் பார்த்துக் கொண்டு மற்றொன்றில் தனியாக ஏறினோம். அதைச் செலுத்தியவள் அறுபது பிராயம் மதிக்கத்தக்க ஒரு மாது. கால்வாய் அகன்ற ஓரிடத்தில் ஒலிபெருக்கி அலறிக் கொண்டிருந்தது. அங்கே ஒரு வாலிபன் கூடையில் நின்றபடி அதைப் பம்பரமாய்ச் சுழற்றினான். சுற்றி நின்ற கூடைகளிலிருந்த பிரயாணிகள் கூச்சலிட்டுப் பண நோட்டுகளை நீட்டினார்கள். கடலோடு மல்லாடிய தொழில் இப்படிக் கூத்தாகிவிட்டதே என்று நம் மனம் சற்று வருந்திற்று. ஆயினும், சுழற்றும்போது அவன் முகத்தில் இருந்த கர்வத்தைப் பார்த்தபோது, வருந்துவதற்கு நாம் யார் என்றும் தோன்றிற்று. கூத்தோ, தொழிலோ, அந்தக் கூடை அவன் சொன்னபடி கேட்டது.

நமது படகுக்காரி கையால் சுழற்றிக் காட்டி, வேண்டுமா என்று ஜாடையால் கேட்டாள். வேண்டாம் என்று பலமாகத் தலையசைத்தோம். சிரித்துவிட்டு, துடுப்பை நம்மிடம் நீட்டினாள்.

ஒற்றைத் துடுப்பு. அதைக் கூடையின் முன்புறம் தண்ணீரில் இறக்கி, 8 என்ற எண்ணை எழுதுவது போல் அசைக்க வேண்டும். கூடை முன்னே போகும். அவள் செய்தபோது போயிற்று. நாம் செய்தபோது கூடை நின்ற இடத்திலேயே வட்டமிட்டது. வலது பக்கம் அழுத்தினோம். இடது பக்கமாய்ச் சுற்றிற்று. இடது பக்கம் அழுத்தினோம். ஓலைக்குள் போய் முட்டிக் கொண்டது. பத்து நிமிஷத்தில் சட்டை நனைந்து, தோள் கழன்றுவிடும் போல் ஆயிற்று. பல்கலைக்கழகப் பட்டம் அங்கே ஒரு முழ தூரமும் உதவவில்லை. பக்கத்துக் கூடையில் சிரிப்பு அடங்கவேயில்லை.

ஆங்கிலம் அறிந்த வழிகாட்டிப் பையன் மூலமாக, நம் உத்தியோகம் என்ன என்று அவள் கேட்டாள். உபாத்தியாயர் என்றோம். அவள் ஏதோ சொன்னாள். பையன் மொழிபெயர்த்தான்: "முதல் நாள் எல்லோரும் சுற்றத்தான் செய்வார்கள். தன் பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுத்தபோதும் அப்படித்தானாம். அதற்காக அவள் யாரையும் கடிந்து கொண்டதில்லையாம்."

அவள் நம்மைத் தேற்றுவதற்காகத்தான் சொன்னாள். ஆனால் நமக்குச் சுரீரென்று தைத்தது.

ஏறக்குறையப் பதினைந்து வருஷங்களுக்கு முன்பு ஒகேனக்கலுக்குச் சமீபத்தில் ஒரு பள்ளியில் வேலை பார்த்தோம். வகுப்பில் ஒரு பையன், பரிசல்காரர் மகன். கூட்டம் வருகிற நாட்களில் தகப்பனாருக்கு ஒத்தாசையாகத் துறைக்குப் போய்விடுவான். கணக்கில் பின் தங்கினான். ஒரு நாள் கரும்பலகையருகே அவன் விடை தெரியாமல் விழித்தபோது, "உனக்குப் படிப்பு எதற்கடா? பரிசல் தள்ளத்தான் நீ லாயக்கு!" என்று வகுப்பு முழுவதும் கேட்கச் சொன்னோம். வகுப்புச் சிரித்தது. நாமும் சிரித்தோம். அந்த வருஷப் பரீக்ஷைக்குப் பிறகு அவன் வரவில்லை. வறுமையால் நின்றான் என்று நமக்கு நாமே சொல்லிக் கொண்டு மறந்தும் விட்டோம்.

பரிசல் தள்ளுவதற்கு எவ்வளவு தேர்ச்சி வேண்டும் என்பதை அறிந்துகொள்ள நமக்குச் சமுத்திரம் கடந்து போக வேண்டியிருந்தது. அந்தப் பையன் பன்னிரண்டு வயதிலேயே அறிந்திருந்த வித்தை அது. நாம் அறியாத ஒன்றை அவன் அறிவான் என்ற நினைப்பு அன்று நமக்கு வந்திருந்தால், அவன் அறியாத கணக்கைக் கற்பிப்பதற்கு வேறு வழி தேடியிருப்போம்.

ஊர் திரும்பியபின், பள்ளி திறப்பதற்கு முன்பாகவே ஒகேனக்கலுக்குச் சென்றோம். துறையில் விசாரித்தோம். அவனுடைய தகப்பனார் காலமாகிவிட்டார். அவன் பெங்களூரில் ஏதோ கம்பெனியில் வேலையாயிருக்கிறான் என்றார் ஒரு முதிய பரிசல்காரர். "பொங்கலுக்கு வருவான், யார் வந்ததாகச் சொல்லட்டும்?" என்று கேட்டார். பெயரையும் முகவரியையும் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தோம். 'மன்னிக்கவும்' என்று ஒரு வார்த்தை சேர்க்க வேண்டியிருந்தது. முப்பது மாணவர்களுக்கு முன்னால் சொன்ன சொல்லுக்குக் காகிதத் துண்டில் எழுதும் மன்னிப்பு ஈடாகுமா என்று சற்றுத் தயங்கினோம். ஆகாது என்று தெரிந்தே எழுதினோம்.

பிறகு அவருடைய பரிசலிலேயே ஏறி உட்கார்ந்தோம். பாறைகளில்லாத, நீரோட்டம் அடங்கிய ஓரிடத்தில், கொஞ்ச நேரம் துடுப்பைத் தர முடியுமா என்று கேட்டோம். வியப்போடு தந்தார். பரிசல் வட்டமிட்டது.

"பரவாயில்லீங்க ஸார், மொதல்லே அப்படித்தாங்க இருக்கும்" என்றார் அவர்.