பேக்கிங் பெட்டிக்குள் ஒரு கிட்டார்

கும்மிடிப்பூண்டியில் காடு கிடையாது. சிப்காட் வளாகத்தைச் சுற்றி வந்தால் இரும்பு ஆலைகள், வார்ப்படப் பட்டறைகள், வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகள், காலி மனைகளில் மண்டிக்கிடக்கும் சீமைக்கருவேலம் ஆகியவைதான் கண்ணில் படும். ஆனாலும் கையால் கிட்டார் செய்ய மரம் தேடிக் கிளம்பிய அந்தச் சென்னைக்காரர் நீலகிரிக்கோ வயநாட்டுக்கோ போகவில்லை. மூர் மார்க்கெட் வளாகத்தில் கும்மிடிப்பூண்டி புறநகர் ரயிலில் ஏறினார். இந்தத் தொழிற்பேட்டைக்கு வெளிநாட்டு இயந்திரங்கள் மரப்பெட்டிகளில் வந்து இறங்குகின்றன. இயந்திரம் ஆலைக்குள் போய்விடும்; பெட்டி பழைய சாமான் கடைக்கு வந்துவிடும். அந்தப் பெட்டி எந்த நாட்டு மரம் என்பதில்தான் அவருக்கு அக்கறை.

திருவொற்றியூர், எண்ணூர் தாண்டி அத்திப்பட்டு வரும்போது அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரிகின்றன. மீஞ்சூருக்குப் பிறகு வயல்கள். பொன்னேரியில் கூட்டம் இறங்கி, ஷிப்டுக்குப் போகிறவர்கள் ஏறுகிறார்கள். கவரைப்பேட்டை வருவதற்குள் பெட்டியில் தமிழும் தெலுங்கும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. ஆந்திர எல்லை பக்கத்தில்தான் இருக்கிறது.

அவர் தேடிப் போன கடை எளாவூர் செல்லும் சாலையில் இருக்கிறது. எளாவூர் என்றதும் வட தமிழ்நாட்டுக்காரர்களுக்கு நினைவுக்கு வருவது கொல்கத்தா நெடுஞ்சாலையில் உள்ள சோதனைச் சாவடி. சோதனைச் சாவடி என்றதும் நினைவுக்கு வருவது செம்மரம். இயற்கையாக அது வளரும் இடம் உலகத்திலேயே கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதி மட்டும்தான்: கடப்பா, சித்தூர், நெல்லூர் மலைகளும் அவற்றை ஒட்டிய தமிழ்நாட்டுக் குன்றுகளும். தண்ணீரில் போட்டால் மூழ்கும் அளவுக்குக் கனமான வைரம். ஜப்பானில் ஷாமிசென் என்ற மூன்று தந்தி வாத்தியத்தின் கழுத்துக்கு மிக உயர்ந்த மரம் இதுதான் என்கிறார்கள். அலையலையாக ரேகை ஓடும் கட்டைக்குத் தனி மதிப்பு. வாத்தியம் செய்கிறவனுக்கு இதைவிடப் பெரிய ஆசை வேறு என்ன இருக்க முடியும்?

ஆனால் 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறை சுட்டதில் 20 பேர் இறந்தார்கள். செம்மரம் வெட்டப் போனதாகச் சொல்லப்பட்ட தமிழ்நாட்டுக் கூலித் தொழிலாளர்கள் அவர்கள். திருவண்ணாமலை மாவட்டத்தின் மலைக் கிராமங்களில் இன்னும் அந்த நாளைப் பற்றிப் பேசுகிறார்கள். 1995 முதல் சைட்டிஸ் என்னும் பன்னாட்டு வனவுயிர் வணிக உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் செம்மரம் இருக்கிறது. இவ்வளவு கெடுபிடிக்கு நடுவிலும் கடத்தல் நிற்கவில்லை. சாவடியைக் கடந்த ஷேர் ஆட்டோவில் அவர் தன் மனத்துக்குள் ஒரு கோடு போட்டுக்கொண்டார்: எவ்வளவு அழகாக இருந்தாலும் இந்த மரம் தன் மேசைக்கு வராது.

செம்மரத்தை விடுங்கள். சட்டப்படி சந்தைக்கு வரும் தோதகத்தியின் கதையும் எளிமையானதல்ல. ஈட்டி என்றும் சொல்லப்படும் இந்த மரம்தான் இன்று உலகம் முழுக்கப் பல நல்ல கிட்டார்களின் முதுகும் விலாவும். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் நாசரேத் என்ற சிற்றூரில் இருக்கும் மார்ட்டின் கம்பெனி, பிரேசில் நாட்டு ரோஸ்வுட் கிடைப்பது அரிதானபோது, 1969-இல் இந்திய மரத்துக்கு மாறியது. அன்று தொடங்கி, மேற்குத் தொடர்ச்சி மலைத் தோட்டங்களில் தேயிலைக்கும் காப்பிக்கும் நிழல் தந்த மரங்கள் கடல் கடந்து போய்ப் பாடுகின்றன. பிரேசில் மரம் 1992-இல் சைட்டிஸின் முதல் பட்டியலுக்குப் போய், அதன் பன்னாட்டு வணிகம் ஏறக்குறைய நின்றுபோனது. தமிழ்நாடு 1994-இல் தோதகத்தியைக் காக்கத் தனிச் சட்டம் போட்டது. 2017 ஜனவரியில் தோதகத்திப் பேரினம் மொத்தமும் சைட்டிஸ் இரண்டாம் பட்டியலுக்கு வந்தது. கிட்டாரோடு விமானம் ஏறவே இசைக்கலைஞர்கள் அஞ்சிய காலம் அது. முழுமையாகச் செய்து முடித்த வாத்தியங்களுக்கு 2019 நவம்பரில்தான் விலக்கு கிடைத்தது.

இதற்கு முன்பே, 2011 ஆகஸ்டில், கிப்சன் கிட்டார் கம்பெனியின் நாஷ்வில், மெம்பிஸ் ஆலைகளுக்குள் அமெரிக்க அதிகாரிகள் நுழைந்தார்கள். இந்தியாவிலிருந்து போன தோதகத்தி, கருங்காலித் துண்டுகள் இந்திய ஏற்றுமதி விதி அனுமதிக்கும் கனத்தைவிடத் தடிமனாக இருக்கின்றன என்பது அவர்கள் எழுப்பிய சந்தேகம். 2012-இல் வழக்கு சமரசத்தில் முடிந்தது. மடகாஸ்கர் கருங்காலி தொடர்பாகக் கிப்சன் 3 லட்சம் டாலர் அபராதம் கட்டியது; இந்திய மரம் திருப்பித் தரப்பட்டது. விரலளவுத் துண்டு மரம் எங்கிருந்து வந்தது, யார் அறுத்தது, எத்தனை மில்லிமீட்டர் என்று கிட்டார் செய்கிறவன் பதில் சொல்ல வேண்டிய காலம் வந்துவிட்டது.

இத்தனை பாடுகளும் ஓசைக்காக என்றால், ஓசை உண்மையிலேயே அந்த மரத்தில்தான் இருக்கிறதா?

இன்றைய கிட்டாரின் வடிவத்தை நிலைநிறுத்திய ஸ்பானியர் அந்தோனியோ டி டோரஸ் 1862-இல் இதற்கு ஒரு பதில் செய்து காட்டினார். முகப்புப் பலகையை ஸ்ப்ரூஸ் மரத்தில் செய்து, முதுகையும் விலாவையும் காகித அட்டையில் செய்தார். பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் அந்த வாத்தியம் இன்றும் இருக்கிறது. ஓசை பிறப்பது முகப்பில்தான் என்பது டோரஸின் வாதம். 1995-இல் கலிஃபோர்னியாவின் கிட்டார் தயாரிப்பாளர் பாப் டெய்லர் தன் ஆலையின் குப்பையில் கிடந்த பேலட்டின் ஓக் பலகைகளைப் பிரித்து ஒரு கிட்டார் செய்தார். ஆணி அடித்த துளைகளை மறைக்காமல் அலுமினிய வட்டம் பதித்தார். விரல்பலகையில் ஒரு ஃபோர்க்லிஃப்ட் உருவத்தையும் இழைத்துவைத்தார். 2018-இல் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முதுகும் விலாவும் மட்டும் ஆறு வெவ்வேறு மரங்களாக அமைந்த ஆறு கிட்டார்களை 52 வாசிப்பாளர்கள் கையில் கொடுத்தார்கள். மரம் கண்ணுக்குத் தெரியாதபடி மங்கிய வெளிச்சம், முகத்தில் வெல்டிங் கண்ணாடி. விலை உயர்ந்த பிரேசில் மரத்துக்கும் மற்றவற்றுக்கும் அவர்கள் கொடுத்த மதிப்பெண்களில் சொல்லத்தக்க வேறுபாடே இல்லை.

இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் அவர் கும்மிடிப்பூண்டிக்கு வந்தார்.

கடை என்பது தகரக் கூரை போட்ட ஒரு வெட்டவெளி. பேலட்டுகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. ஒரு பக்கம் ஆணி பிடுங்கும் சத்தம். "என்ன சார், கட்டிலுக்கா, கோழிக்கூண்டுக்கா?" என்று கேட்டார் கடைக்காரர். கிட்டாருக்கு என்றதும், "எடுத்துக்கோங்க சார், நல்லதா பாத்துப் பொறுக்கிக்கோங்க. வாசிக்கிற சாமானாச்சே" என்று தன் ஆளையும் கூட அனுப்பினார்.

முதலில் பார்க்க வேண்டியது முத்திரை. எல்லை தாண்டிப் பயணிக்கும் பேக்கிங் மரத்தில் கோதுமைக் கதிர் போட்ட சூட்டு முத்திரை இருக்கும். நாட்டின் இரண்டெழுத்துக் குறி, பக்கத்தில் பூச்சி நீக்கிய முறை. 'எச்டி' என்றால் மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி சூடு ஏறி அரை மணி நேரம் நின்றது என்று பொருள். 'எம்பி' என்றால் மீத்தைல் புரோமைடு நச்சுப்புகை போட்டது. இழைத்துத் தூசி கிளப்பும் வேலைக்கு அதைத் தொடக்கூடாது. நியூசிலாந்துப் பைன் வேகமாக வளர்வதால் வளையங்கள் அகலமாக இருக்கும், முகப்புக்கு உதவாது. ஜெர்மன் குறி போட்ட ஒரு பெட்டியின் குறுக்குச் சட்டத்தை அவர் எடுத்தார். அது ஐரோப்பிய ஸ்ப்ரூஸ். வயலின் மேதை ஸ்ட்ராடிவாரிக்கு முகப்பு கொடுத்த இத்தாலியின் ஃபியெம்மே பள்ளத்தாக்கில் நிற்பதும் இதே இனம்தான்.

இனம் ஒன்றாக இருந்தால் போதாது. சட்டத்தின் முனையைத் திருப்பிப் பார்த்தார். வளையங்கள் அகன்ற பக்கத்துக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். படுத்திருந்தால் பலகை வளையும், வெடிக்கும். பெரும்பாலானவை படுத்துத்தான் இருந்தன, முடிச்சும் நிறைய. நீண்ட நேரத் தேடலுக்குப் பிறகு, முனையில் வளையங்கள் சீப்பின் பற்கள்போல நெருங்கி நிமிர்ந்த ஒரு சட்டம் அகப்பட்டது. நீளத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு தள்ளி இரு விரலால் தொங்கவிட்டு, விரல் முட்டியால் நடுவில் தட்டினார். கணீரென்று ஒலித்து, அடங்கச் சற்று நேரம் பிடித்தது. பக்கத்தில் நின்ற பையன் இன்னொரு சட்டத்தை எடுத்து அதேபோலத் தட்டிப் பார்த்தான். அது 'டொக்' என்று செத்தது. அதற்குப் பிறகு அவனே தட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுத்துக் கொடுக்க ஆரம்பித்துவிட்டான்.

பெட்டிச் சட்டங்கள் குறுகலானவை. ஒரு முகப்புக்கு நான்கு துண்டுகளாவது ஒட்ட வேண்டியிருக்கும். அதில் குறை ஒன்றும் இல்லை. டோரஸே மூன்று, நான்கு துண்டு ஒட்டிய முகப்புகளைச் செய்திருக்கிறார்.

முதுகுக்கும் விலாவுக்கும் அவர் தூங்குமூஞ்சி மரத்தை நினைத்திருக்கிறார். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையிலும் திருவள்ளூரிலும் சாய்த்த பெருமரங்களில் அதுவும் உண்டு. சாலை விரிவாக்கத்திலும் விழுகிறது. பெரும்பாலும் விறகாகவே போய்விடும். ஹவாய்த் தீவுகளில் இதே மரத்தில் உகுலேலே செய்கிறார்கள். பழுப்பு வைரத்துக்கும் வெளிர்மஞ்சள் வெண்மரத்துக்கும் நடுவே ஓடும் கோடு முதுகுப் பலகையில் நன்றாக எடுத்துக் காட்டும்.

விரல்பலகைக்கு, பலர் முகம் சுளிக்கும் சீமைக்கருவேலம். நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது என்று நீதிமன்றம் வரை போன மரம் அது. ஆனால் உலர்ந்த வைரம் மிகக் கடினமானது, ஈரம் ஏறி இறங்கினாலும் அளவு அதிகம் மாறாது. இதன் நெருங்கிய உறவான மெஸ்கீட்டை டெக்சாஸ் கிட்டார் ஆசாரிகள் விரும்பிப் பயன்படுத்துகிறார்கள். கோணல் மரம் என்பதால் நீளப் பலகை கிடைக்காது. விரல்பலகைக்கு இரண்டு அடி நேராக இருந்தால் போதும். வெண்மரத்தில் துளைப்பான் பூச்சி விழும், அதை முழுக்கச் சீவிவிட வேண்டும். அந்நிய மரம் என்று பிடுங்கி எரிக்கும் இடத்தில் ஒரு கட்டை தப்பி வாத்தியமாவது, செம்மரத்தில் ஷாமிசென் செய்வதற்குக் கொஞ்சமும் குறைந்த காரியமல்ல என்று அவர் நம்புகிறார். கூட வந்து பார்த்தவர்களுக்கும் அப்படித்தான் தோன்றும்.

இங்கே உண்மையான சிக்கல் காற்று. கிழக்கே பழவேற்காடு ஏரி, அதற்கப்பால் கடல். கிட்டார் ஆசாரிகள் 45 முதல் 50 சதவீத ஈரப்பதத்தில் முகப்பை ஒட்ட வேண்டும் என்பார்கள். இந்தக் கரையில் காற்று பெரும்பாலான மாதங்களில் அதைவிட வெகுவாக ஈரமாக இருக்கும். ஈரத்தில் ஊதியிருக்கும் மரத்தை ஒட்டிவிட்டால், பெங்களூரின் வறண்ட கோடைக்குப் போனதும் முகப்பு சுருங்கி வெடிக்கும். ஆறு தந்திகளும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுக்கும் முகப்பு, மூன்று மில்லிமீட்டர்கூடக் கனமில்லாதது. ஆனால் இதே கடற்கரையில், ஆரோவில்லில், எரிசா நியோகி கையால் கிட்டார் செய்கிறார். ஆகவே வழி இருக்கிறது: ஒரு சிறிய அறை, ஏசி அல்லது ஈரம் உறிஞ்சும் இயந்திரம், சுவரில் ஈரமானி.

சாமில்லில் கொடுத்து நான்கு மில்லிமீட்டர் தகடுகளாக அறுத்தபின், நடுவே குச்சிகள் கொடுத்து அந்த அறையில் அடுக்கிவிடுவார். ஒவ்வொரு பலகையின் எடையையும் வாரந்தோறும் எடுத்து, அதன் ஓரத்திலேயே பென்சிலால் தேதி போட்டு எழுதுவார். எடை இறங்குவது நின்றால்தான் மரம் அறையின் ஈரத்தோடு ஒத்துப்போய்விட்டது என்று பொருள். அதன் பிறகுதான் இழைப்புளியும் வச்சிரப் பசையும்.