சாலறிந்து செல்லும் சக்கரம்

உழவு மாடு வரிசை பார்த்து நடக்கும்; இயந்திரத்திற்கு அந்நடையை நாமே கற்பித்தல் வேண்டும். 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் காவென்ட்ரியில் உருவான ஃபெர்குசன் டி.இ.20 டிராக்டர் அதற்கு இடந்தருவது. அதன் பின்சக்கர இடைவெளியை 48 அங்குலம் முதல் 76 அங்குலம் வரை நந்நான்கு அங்குலமாக விரிக்கலாம். நடுத்தட்டைத் திருப்பியும், ரிம்மை அதன் காதுகளில் இடம் மாற்றிப் பூட்டியும் இதனைச் செய்கிறோம். சக்கரத்தை முழுதாகத் திருப்பினால் இடத்தை வலமாகவும் வலத்தை இடமாகவும் மாற்றிக்கொள்வோம். இன்றேல் டயரின் பட்டைகள் எதிர்த்திசை நோக்கி, மண்ணைச் செவ்வனே பற்றா.

30 அங்குல இடைவெளிப் பயிருக்கு 60 அங்குலமே பொருந்தும். இரு வரிசைகள் நடுவே நிற்க, சக்கரங்கள் இருபுறச் சால்களின் மையத்தில் உருளும். 48 அங்குலத்திலேயே விட்டுவிட்டால், 10 அங்குல டயர் பயிருக்கு நான்கே அங்குலம் தள்ளி வேர்மண்ணை இறுக்கும். அந்த இறுக்கம் அன்று கண்ணுக்குத் தெரியாது, அறுவடையில் தெரியும். முன்சக்கரங்களையும் அதற்கொப்ப விரித்தல் வேண்டும். அளவை விதிப்பது இயந்திரமன்று, பயிரே.