எத்தனை ஓட்டு வித்தியாசம்?

குளிரில் எனக்கு அனுபவம் இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஊட்டிக்கு இரண்டு தடவை போயிருக்கிறேன். ஆனால் புனேயை ஒட்டிய போசரியில் அக்கா வீட்டுப் பால்கனிக் கதவை 2024 நவம்பர் 23-ஆம் தேதி விடியற்காலை திறந்தபோது, திறந்த வேகத்திலேயே மூடிவிட்டேன். எங்கள் பணகுடியில் காற்றுக்குக் குறைவில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்று ஆளையே தள்ளும். அது தள்ளுகிற காற்று. இது கடிக்கிற காற்று.

நாகர்கோவில் – மும்பை எக்ஸ்பிரஸில் ஒன்றரை நாள் போலக் குலுங்கி, அக்கா மகளின் பிறந்தநாளுக்கு வந்து இறங்கியவன் நான். புனே என்றதும் பேஷ்வா கோட்டையும் கல்லூரி மரநிழலும் மனதில் இருந்தன. போசரியோ நாசிக் போகிற நெடுஞ்சாலையில், ஒரு மேம்பாலத்தின் இரண்டு பக்கமும் தகரக் கொட்டகைகளாக விரிந்து கிடக்கிறது. கார்களுக்கும் லாரிகளுக்கும் உதிரிபாகம் செய்கிற சின்னச் சின்னப் பட்டறைகள். அந்த நேரத்திலேயே எங்கோ ஒரு பிரஸ் மெஷின் 'தொம்... தொம்...' என்று அடித்துக்கொண்டிருந்தது. காற்றில் இயந்திர எண்ணெய் வாசம். அதற்குள்ளேயே எவர் வீட்டுக் கடாயிலோ அவலுக்குக் கடுகும் கறிவேப்பிலையும் தாளிக்கிற வாசம். இரண்டும் சேர்ந்து எப்படிப் பசியைக் கிளப்புகின்றன என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை.

"மாப்ளே, சட்டுனு கிளம்பு. எட்டு மணிக்கு எண்ண ஆரம்பிச்சிருவான்" என்றார் அத்தான். பிறந்தநாள் அடுத்த வாரம்தான். அன்றைக்கு மகாராஷ்டிர சட்டமன்றத் தேர்தலின் வாக்கு எண்ணிக்கை. அத்தானுக்கு இங்கே இருபது வருடம் ஓடிவிட்டது; ஓட்டும் இங்கேதான். மூன்று நாள் முன்பு வைத்த மைசூர் மை அவர் விரலில் கறுப்பாக அப்படியே இருந்தது.

எங்கள் ஊர்க்காரனுக்கு வாக்கு எண்ணிக்கை என்றால் ஒரு தனி நடுக்கம் உண்டு. எங்களுடையது ராதாபுரம் தொகுதி. 2016-இல் அதிமுகவின் இன்பதுரை, திமுகவின் அப்பாவுவை 49 ஓட்டில் ஜெயித்தார். நாற்பத்தொன்பதே ஓட்டு! ஒரு கல்யாண பஸ்ஸில் ஏற்றிவிடலாம். அந்த 49 பேரும் எங்கள் தெருவில்தான் இருக்கிறார்கள் என்று ஒவ்வொரு தெருக்காரனும் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் அது. தலைமையாசிரியர் கையெழுத்துப் போட்ட தபால் ஓட்டு செல்லுமா, செல்லாதா என்று வழக்கு நடந்தது. 2019 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்திலேயே மறு எண்ணிக்கை நடந்தது. எண்ணியும் ஆயிற்று, முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. அந்தச் சட்டமன்றத்தின் ஆயுளே முடிந்துபோனது. எங்கள் எம்.எல்.ஏ. யார் என்ற கேள்விக்கு விடை உறைக்குள்ளேயே இருந்துவிட்டது. இப்படிப்பட்ட ஊரிலிருந்து வந்தவனை டீக்கடை டிவி முன்னால் உட்கார வைத்தால் அவன் டீயைக் குடிப்பானா?

டீக்கடைக்குப் போகிற வழியில் சாலையே மறைகிற மாதிரி ஒரு கூட்டம். காவிக்கொடி, ஜால்ரா, கழுத்தில் தொங்குகிற மிருதங்கம், தலையில் துளசிச் செடியோடு நடக்கிற பெண்கள். ஜெயித்தவர்களின் ஊர்வலம் இவ்வளவு சீக்கிரமா என்று வாயைப் பிளந்தேன். அத்தான் தலையில் அடித்துக்கொண்டார். அவர்கள் வார்கரிகள், பக்கத்தில் இருக்கிற ஆளந்தியில் ஞானேஸ்வரர் சமாதிக்குக் கார்த்திகை ஏகாதசிக்காக நடந்து போகிறவர்கள். தைப்பூசத்துக்குப் பழனி போகிற நம் பாதயாத்திரைதான். வேலுக்குப் பதில் கொடி. ஒரே ஒரு வித்தியாசம் என்னைத் திணறடித்தது. ஒரு பெரியவர் என்னைப் பார்த்து "மாவுலி" என்று சொல்லிச் சட்டென்று குனிந்து என் காலைத் தொட்டார். மாவுலி என்றால் தாய். இவர்கள் யாரைப் பார்த்தாலும் அப்படித்தான் கூப்பிடுவார்களாம். போக்குவரத்துப் போலீஸ்காரர்கூட "மாவுலி, ஓரமா போங்க" என்றுதான் விரட்டினார். பதிலுக்கு நானும் அந்தப் பெரியவர் காலைத் தொடப் போக, அவர் என் நெற்றியில் புக்கா என்கிற கறுப்பு வாசனைப் பொடியைத் தீற்றிவிட்டு நடந்தார்.

டீக்கடையில் எட்டு மணி. இஞ்சியும் ஏலக்காயும் கொதித்துக் கரகரத்த டீ. ஆனால் கிளாஸ் நம் ஊர் மருந்து மூடிக்கு அண்ணன். மூன்று வாங்கினால்தான் ஒரு டீ குடித்த மாதிரி இருந்தது. முதலில் தபால் ஓட்டு, எட்டரைக்கு மெஷின் ஓட்டு என்ற வரிசை நம் ஊர் மாதிரியேதான். என்னைக் கவிழ்த்தது மராத்தி. 'ஆகாடி' என்றால் கூட்டணி. மகா விகாஸ் ஆகாடி என்பது காங்கிரஸ், சரத் பவார், உத்தவ் தாக்கரே சேர்ந்த அணி. சரி. ஆனால் 'ஆகாடி' என்றால் முன்னிலை என்றும் ஒரு அர்த்தம் உண்டாம்! டிவிக்காரர் தொண்டை கிழிய "ஆகாடி, ஆகாடி" என்று கத்த, நான் அரைமணி நேரம் ஆகாடிதான் ஜெயிக்கிறது என்று நினைத்துப் பக்கத்திலிருந்தவரிடம் தலையாட்டிக்கொண்டிருந்தேன். உண்மையில் ஆகாடியில் இருந்தது பாஜகவின் மகாயுதி அணி, ஆகாடியோ பின்னடைவில். என் தலையாட்டலைப் பார்த்து எரிச்சலான அந்த மனிதர் சரத் பவார் கட்சியின் துதாரி ஊதுகிற சின்னத்துக்கு ஓட்டுப் போட்டவர் என்பது பிறகுதான் தெரிந்தது.

போசரியில் தாமரைச் சின்னத்தில் நின்றவர் மகேஷ் லாண்ட்கே. நிஜமாகவே பயில்வான், மல்யுத்த மண்ணில் புரண்டவர். 2014-இல் சுயேச்சையாக ஜெயித்து, 2019-இல் பாஜகவில் ஜெயித்து, மூன்றாவது தடவைக்கு நின்றார். எதிரே சரத் பவார் கட்சியின் அஜித் கவ்ஹாணே. லாண்ட்கே ஒரு விதத்தில் நமக்குச் சொந்தம். இந்தப் பக்கத்து மாட்டுவண்டிப் பந்தயத்துக்குத் தடை வந்தபோது அதை நீக்கச் சொல்லிக் குரல் கொடுத்தவர்களில் ஒருவர். 2023 மே மாதம் நம் ஜல்லிக்கட்டுக்கும் இவர்கள் பந்தயத்துக்கும் உச்ச நீதிமன்றம் ஒரே தீர்ப்பில்தான் அனுமதி சொன்னது. அதற்கு முந்தைய வருடம் இந்தத் தொகுதியில் நடந்த பந்தயத்தில் ஒரு பரிசு, ஜேசிபி இயந்திரம். அலங்காநல்லூரில் கார் கொடுக்கிறார்கள் என்று பெருமையடிக்க வாயைத் திறந்தவன் மூடிக்கொண்டேன்.

பகலுக்குள் எல்லாம் தெளிவாகிவிட்டது. லாண்ட்கேயின் வித்தியாசம் 63,000-த்தைத் தாண்டியது. மாநிலத்தில் 288-இல் பாஜக மட்டும் 132. ஜூன் மாதம்தான் மக்களவைத் தேர்தலில் 48-க்கு 30 வாங்கியிருந்த ஆகாடி, ஐந்தே மாதத்தில் ஐம்பதைத் தாண்டவில்லை. வெளியே ஜேசிபி வந்துவிட்டது. பரிசாக அல்ல, அதன் கொப்பரையில் ஆட்கள் ஏறி நின்று குலால் பொடியை அள்ளிக் கொட்டினார்கள். ஒரு நொடியில் சாலை, பஸ், நாய், நான் எல்லாம் ரோஜா நிறம். நெற்றியில் காலையில் வைத்த கறுப்பு, மேலே குலால். கண்ணாடியில் பார்த்தால் தெருக்கூத்துக்காரன். கையில் யாரோ ஒரு பேடா திணித்தார். நான் யாருக்கு ஓட்டுப் போட்டேன் என்று அவர் கேட்கவில்லை.

டீக்கடைக்குள் மட்டும் வேறு வானிலை. "மெஷின்" என்றார் துதாரிக்காரர். அவ்வளவுதான், ஒரே வார்த்தை. கடை முழுக்க அதைப் பிடித்துக்கொண்டது. ஜூனிலும் இதே மெஷின்தானே என்றார் ஒருவர். அப்போது ஏமாற்றவில்லை, இப்போது ஏமாற்றினார்கள் என்றார் இன்னொருவர். மூலையிலிருந்த ஒரு ஓய்வுபெற்ற கணக்கர் என்னைப் பார்த்து இந்தியில் ஒரு பழங்கதை எடுத்தார். 1969-இல் ஜனாதிபதித் தேர்தல். வி.வி. கிரியும் சஞ்சீவ ரெட்டியும் மோத, மூன்றாவதாக நின்றவர் இவர்கள் ஊர்க்காரர் சி.டி. தேஷ்முக். முதல் விருப்ப ஓட்டில் யாருக்கும் பாதி கிடைக்கவில்லை. தேஷ்முக்கின் சீட்டுகளைப் பிரித்து இரண்டாவது விருப்பத்தை எண்ணினார்கள். அதில் பெரும்பகுதி ரெட்டிக்கே போனது, இருந்தும் எட்டவில்லை. கிரி 4,20,077, ரெட்டி 4,05,427. அதுவும் ஓயவில்லை. ஒரு துண்டுப் பிரசுரத்தைக் காட்டி முறைகேடு என்று உச்ச நீதிமன்றம் போனார்கள்; நாட்டின் ஜனாதிபதி நீதிமன்றத்துக்கு வந்து சாட்சி சொன்னார். வழக்கு தள்ளுபடியானது. "அப்போ காகிதம். காகிதத்தையும் யாரும் நம்பலை" என்று முடித்து பீடியை அணைத்தார் கணக்கர்.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. இந்த வாக்குப்பதிவு இயந்திரம் பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸில் உருவானபோது அதில் முக்கியப் பங்கு எங்கள் எழுத்தாளர் சுஜாதாவுக்கு உண்டு என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன். கடை ஒரு கணம் அமைதியானது. குலாலில் குளித்தவன், பேடா தின்றவன், காலையிலிருந்து 'ஆகாடி'க்குத் தலையாட்டியவன், இப்போது மெஷினே எங்கள் ஊர்ச் சரக்கு என்கிறான். அத்தான் என் முழங்கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தார். 1982-இல் கேரளத்துப் பரவூரில் முதன்முதலில் மெஷின் வைத்ததையும், சட்டத்தில் இடமில்லை என்று 1984-இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாதாக்கி மறுவாக்குப் பதிவில் முடிவே புரண்டதையும் சொல்ல வைத்திருந்தேன். வாய்ப்பு போய்விட்டது.

அத்தான் ஒரு பட்டறையில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். மத்தியானம் என்னை அங்கே கூட்டிப் போனார். மேஜை மேல் விரல் அளவு இரும்புப் புஷ்கள் நூற்றுக்கணக்கில் பளபளத்தன. 'கோ – நோ கோ' கேஜ் என்று ஒரு கருவி. ஒரு முனை துளைக்குள் போக வேண்டும், மறுமுனை போகக் கூடாது. போனால் ரிஜெக்ட். அவ்வளவு சுத்தமான தீர்ப்பை நான் எந்தக் கோர்ட்டிலும் பார்த்ததில்லை.

"அத்தான், தொகுதிக்கு அஞ்சு மெஷின்லதான் காகிதச் சீட்டை எண்ணிப் பார்க்காங்க. இங்க நானூறு வாக்குச்சாவடிக்கு மேல இருக்கே, அது போதுமா?"

"குலுக்கிப் போட்டு எடுத்தா அஞ்சும் பேசும். நாங்க ஒரு லாட்டுக்கு எல்லாத்தையுமா அளக்கோம்?" ஒரு புஷ்ஷை உருட்டினார். "ஆனா ஒண்ணு மாப்ளே. கஸ்டமர் வந்து, 'உன் சாம்பிள் வேண்டாம், நானே ஒரு பீஸ் எடுத்து அளக்கேன்'னா, குடுத்துரணும். முகத்தைச் சுளிச்சா அடுத்த ஆர்டர் வராது. எலெக்‌ஷன்ல கஸ்டமர் யாரு? தோத்தவன்தான்."

போசரியில் மெஷின் மாற்றியிருப்பார்கள் என்று நான் நம்பவில்லை. மாநிலத்தின் 1,440 சீட்டு இயந்திரங்களும் மெஷின் கணக்கோடு ஒத்துப்போயின என்று தேர்தல் ஆணையம் பிறகு சொன்னது. ஆனால் மாலை ஐந்து மணிக்கு 58.22 சதவீதம் என்று சொல்லிவிட்டு, இறுதியில் 66.05 என்று சொன்னால், ஒருவன் எப்படி என்று கேட்பான். கேட்டால் காட்ட வேண்டியதுதானே? காட்டுவதற்கும் ஒரு ரேட் இருந்தது. இரண்டாவது, மூன்றாவது இடம் வந்தவர் கேட்டால் நூற்றுக்கு ஐந்து மெஷினைச் சோதிக்கலாம். ஒரு செட்டுக்கு அப்போது ஜிஎஸ்டியோடு 47,200 ரூபாய். நம் கோயில் சிறப்பு தரிசனம் தோற்றது! அப்படிக் கட்டியும், அன்றைய ஓட்டுகளைப் பார்க்காமல் மெஷினில் மாதிரி ஓட்டுப் போட்டுக் காட்டுவதுதான் வழிமுறையாக இருந்தது. அத்தானிடம் இதைச் சொன்னால், லாரி ஏறிப் போன புஷ்ஷை விட்டுவிட்டுக் கேஜை அளந்து காட்டுகிறாயா என்று கேட்பார்.

பிறந்தநாள் முடிந்து 29-ஆம் தேதி புனேக்குள் போனேன். கஞ்ச் பேட்டையில் சமூகச் சீர்திருத்தவாதி ஜோதிராவ் புலே வாழ்ந்த வீடு. சந்து சந்தாக விசாரித்துப் போய்ச் சேர்ந்தால், உள்ளே பாபா ஆடாவ் உட்கார்ந்திருந்தார். சுமைதூக்கும் தொழிலாளர்களுக்கு ஹமால் பஞ்சாயத்து கட்டிய மனிதர். அப்போது வயது தொண்ணூற்றைந்தை நெருங்கிக்கொண்டிருந்தது. இந்தத் தேர்தலில் பணமும் மெஷினும் ஆடிய ஆட்டத்தைக் கேள்வி கேட்டு முந்தின நாள், புலேயின் நினைவு நாளில், உண்ணாவிரதம் தொடங்கியிருந்தார். சுற்றிலும் தலைப்பாகை கட்டிய முதியவர்கள், கல்லூரிப் பெண்கள், கேமராக்காரர்கள். யாரும் கத்தவில்லை. எங்கள் ஊரில் உண்ணாவிரதப் பந்தல் என்றால் மைக் இல்லாமல் நடக்காது. இங்கே தரையில் உட்கார்ந்து அவர் மெல்லிய குரலில் பேசுவதைக் கேட்க எல்லோரும் கழுத்தை நீட்டினார்கள். அடுத்த நாள் உத்தவ் தாக்கரே வந்து தண்ணீர் கொடுத்து முடித்துவைத்தார் என்று ரயிலில் ஏறும்போது செய்தி வந்தது. எந்த ஊர் என்று பக்கத்தில் ஒரு அம்மாள் கேட்டபோது தமிழ்நாடு என்று மட்டும் சொன்னேன். சுஜாதாவைப் பற்றி மூச்சு விடவில்லை.

பணகுடியில் இறங்கியபோது சட்டைக் காலரில் குலால் இன்னும் இருந்தது. மூன்று தடவை துவைத்தும் போகவில்லை. அம்மா அதைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள்.

"என்னல இது?"

"ஓட்டு எண்ணுனாங்கம்மா."

"எத்தனை ஓட்டு வித்தியாசம்?"

"அறுபத்து மூவாயிரத்துச் சொச்சம்."

"அய்ய..." என்று காலரை விட்டாள். "இதுக்கா இவ்வளவு தூரம் போன?"