பூவுக்கு வெளியே ஓடும் நூல்

கல்கத்தா, ஆடி 20

நண்பகலில் பிடித்த மழை இன்னும் விடவில்லை. வீட்டு வேலைகள் ஓய்ந்த இவ்வேளையில், மடித்து வைத்திருந்த, வங்கத்துக் கைத்தையற் போர்வையான காந்தாவைப் பிரித்து மடிமீது பரப்பிக்கொண்டேன். நடுவில் என் தாயாரின் நூற்புடைவைகளும், அவற்றின் மேலும் கீழும் தகப்பனாரின் எட்டு முழ வேட்டிகளுமாக அடுக்கப்பெற்ற இப்போர்வையைத் தைக்கத் தொடங்கிப் பல வருஷங்களாகின்றன. எட்டு முழத்தை இரண்டாக மடித்தால், வளர்ந்த மனிதர் ஒருவர் போர்த்திக்கொள்ளும் நீளம் தானே அமைந்துவிடுகிறது.

இவ்வித்தையை எனக்குப் போதித்தவர், நான் மாசிமா (சின்னம்மா) என்றழைக்கும் மாடி வீட்டுப் பெண்மணி. ஜெஸ்ஸூர் ஜில்லாவில் பிறந்து, தேசப் பிரிவினைக்குப் பின் குடும்பத்தோடு இந்நகருக்கு வந்து சேர்ந்த அந்த அம்மையார், புதுத் துணியில் காந்தா தைக்க முற்படுபவர்களைக் கண்டால் மனம் வருந்துவார். கஞ்சியும் முறுக்கும் நீங்கும்வரை பல்லாண்டு உடுத்தித் துவைத்த துணியில்தான் ஊசி தடையின்றி இறங்கும் என்பதும், அந்த மென்மையைக் கடையில் விலைக்கு வாங்க இயலாது என்பதும் அவருடைய சித்தாந்தம். அவர் சொற்படியே துணிகளைத் தரையில் ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, உள்ளங்கையால் நடுவிலிருந்து ஓரம் நோக்கிச் சுருக்கம் நீவி, விளிம்புகளில் செங்கல் வைத்து, நகராதபடி நீளத் தையல்களால் முதலில் பிணைத்துக்கொண்டேன். பூவேலைக்கு வேண்டிய சிவப்பும் நீலமும் புடைவைக் கரைகளிலிருந்தே கிடைத்தன; கரையின் இழைகளை ஒவ்வொன்றாக உருவி, இரண்டு மூன்றைச் சேர்த்துத் திரித்துக்கொள்வது அந்நாளைய வங்கப் பெண்களின் வழக்கம்.

ஆவணி 12

நடுவிலுள்ள தாமரையையும் நான்கு மூலைகளிலுள்ள விருக்ஷங்களையும் பார்த்தவர்கள், போர்வை ஏறக்குறைய முடிந்துவிட்டதென்றே எண்ணுகிறார்கள். தாமரையை மத்தியில் அமைத்து அங்கிருந்து வெளிநோக்கித் தைத்துச் செல்வது சம்பிரதாயம் மட்டுமன்று. உள்ளே எஞ்சிய சுருக்கங்களை ஓரத்திற்குத் தள்ளிவிடும் யுக்தியும் அதில் அடங்கியிருக்கிறது. கர்நாடகத்தின் வடகன்னட ஜில்லாவில், ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி இனப் பெண்கள், ‘கவந்தி’ என்னும் ஒட்டுப்போர்வையை இதற்கு நேர்மாறாக, விளிம்பில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவை நோக்கித் தைக்கிறார்கள்; மூலைகளில் ‘பூலா’ என்ற மடித்த துணிப் பூக்களை வைத்தாலன்றிப் போர்வை நிறைவு பெற்றதாக அவர்கள் கருதுவதில்லை. திசைகள் வேறாயினும், இரு வழக்கங்களுக்கும் கருவி ஒன்றே: நூல் கோத்த ஊசியின் எளிய ஓட்டுத் தையல்.

ஐப்பசி 5

பூஜை விடுமுறை. ஜோகாவிலுள்ள குருசதய அருங்காட்சியகத்தில் முன்பு கண்ட காந்தாக்களின் நினைவு இன்று முழுவதும் மனத்தை விட்டு அகலவில்லை. ஐ.சி.எஸ். அதிகாரியாக இருந்துகொண்டே கிராமந்தோறும் நாட்டுக்கலைப் பொருள்களைத் தேடித் திரட்டிய குருசதய தத்தர் 1941-ல் காலமானார். அவர் சேகரித்தவற்றுக்கென அமைந்த அந்நிலையம் 1963-ல் திறக்கப்பட்டது. அங்கே மானதாசுந்தரி தாசி என்ற பெண்மணி தம் தகப்பனாருக்கென்று தைத்த காந்தா ஒன்று உண்டு. தம் கைவேலை இது என்பதை எழுத்துக்களாகவே அதில் அவர் தைத்து வைத்திருக்கிறார். அன்று அந்தக் காந்தாக்களில் தைத்திருந்த உருவங்களிலேயே லயித்து நின்ற என் கண்கள், இப்போது நினைவின் வழியே உருவங்களுக்கு இடையிலுள்ள வெள்ளை வெளியை நாடிச் செல்கின்றன.

ஏனெனில், என் போர்வையில் இப்போது நடைபெறும் வேலை முழுவதும் அந்த வெள்ளை வெளியில்தான். பூவின் கோடு முடிந்தபின், அதன் புறவடிவை ஒட்டி வெள்ளை நூலால் ஒரு வரிசை, அதைத் தழுவி மற்றொரு வரிசை என்று, அடுத்த உருவத்தின் எல்லையைத் தொடும்வரை ஊசி சென்றுகொண்டே இருக்கவேண்டும். ஒரு பிற்பகல் முழுதும் தைத்தாலும் உள்ளங்கை அகலமே நிரம்புகிறது. வெள்ளையின்மேல் வெள்ளையாதலால், தூரத்திலிருந்து நோக்குவோர்க்கு அங்கே ஒன்றும் நிகழ்ந்ததாகவே தோன்றாது. ஆயினும், நூலின் சிறு இழுப்பினால் துணி இலேசாகக் குறுகி, காற்று வருடிய ஆற்றுமணலில் தோன்றும் வரிகளைப்போல் மேடும் பள்ளமுமாக அலைகொள்வதைக் காணும்போது, தனித்தனியே கிடந்த துணிகள் ஒரே வஸ்துவாக மாறுகின்ற அந்தக் க்ஷணத்தை விரல்களே எனக்கு உணர்த்துகின்றன.

மார்கழி 9

ஊரிலிருந்து வந்திருக்கும் என் நாத்தனார், “எப்போதுதான் அண்ணி இது முடியும்? மிச்சத்தை மெஷினில் கொடுத்துவிட்டால் என்ன?” என்று வாஞ்சையோடுதான் கேட்டாள். என் கழுத்துவலியை நினைத்து அவள் கேட்டதை நான் அறிவேன். நான் விடை சொல்லுமுன், அருகில் அமர்ந்திருந்த மாசிமா போர்வையை வாங்கி, தாமரையைப் பாராமல் பின்புறத்தைத் திருப்பி, விரல் நுனியால் வரிசை வரிசையாகத் தடவிப் பார்த்துவிட்டு, “கையில் முடிச்சு தட்டவில்லை, மா, நெருக்கமாகவும் இருக்கிறது, இப்படியே போ” என்று தமக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்.

தை 3

குளிர் முதிர்ந்திருக்கிறது. இப்போர்வையைப் பெட்டியில் வைத்துப் பூட்டும் எண்ணம் எனக்கு ஒருபோதும் இருந்ததில்லை. என் பெற்றோர் உடுத்திய துணி மீண்டும் மனிதர் உடம்புக்குக் கதகதப்பளிக்கவேண்டும் என்பதே என் பிரார்த்தனை. போர்த்தினால் அழுக்காகும், அழுக்கானால் துவைக்கவேண்டும், துவைக்கும்போது பூவின் இழை ஓரிடத்தில் அறுந்தால் அந்தப் பூ ஒன்றே குறைபடும், ஆனால் பூக்களுக்கு இடையில் தையல் நெருக்கமாக இராவிடில் உள்ளடுக்குகள் நழுவி ஒருபுறம் திரண்டு, போர்வையே பயனற்றுவிடும். நெடுங்காலப் பணி எதற்கும் இந்த நியதி பொருந்துமென்று நான் மனமார நம்புகிறேன். பிறர் கண்டு வியக்கும் பகுதிகள் சீக்கிரம் முடிந்துவிடுகின்றன. காலம் முழுவதையும் எடுத்துக்கொள்வது, ஒருவரும் கவனியாத இடைவெளிகளை நிரப்பும் வேலை. அதன் உறுதியே பணியின் ஆயுள். ஆகையால், இன்னும் எத்தனை குளிர்காலங்கள் கழியினும், விரைவை உத்தேசித்து வரிசைகளின் இடையை அகலப்படுத்துவதில்லை என்று உறுதிகொண்டிருக்கிறேன்.